அமாவாசை அன்று வைத்த பெற்றோர் கூட்டம்

போன மாதம் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் இளம் ஆசிரியை என்னைத் தேடி வந்தார். அவருடைய பள்ளியில் பொதுத்தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டுக் கூட்டம் வைக்கிறார்களாம். ‘தேர்வுக் காலத்தில் பெற்றோரின் பங்கு’ என்று நான் ஓர் அரைமணி நேரம் பேச வேண்டுமாம்.

“இந்தப் பக்கத்திலேயே முதன்முதலா பேரண்ட்ஸ் மீட்டிங் வச்சது நீங்கதானாமே டீச்சர்? பெரியவங்க எல்லாரும் சொல்றாங்க” என்றார்.

“ஆமாம். அதனாலதான் பேச மாட்டேன்” என்றேன்.

அந்தப் பெண் திகைத்துப் போய்விட்டார். வயதானால் சிலருக்குச் சிடுசிடுப்பு வரும் என்று நினைத்திருப்பார். எனக்கு அது வயதால் வந்ததில்லை, பிறவியிலேயே வந்தது. காப்பி கொடுத்து அனுப்பும்போது, “பேச வராது. வேணும்னா எழுதித் தர்றேன். உங்க டீச்சருங்க எல்லாரும் படிங்க” என்று சொன்னேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் திருநின்றவூரில் பிறந்து வளர்ந்தவள். கணக்கில் பட்டம், சென்னையில் ஒரு வருடம் ஆசிரியப் பயிற்சி, அதற்குப் பிறகு ஆறேழு மாதம் வீட்டில் சும்மா இருந்தது. அறுபதுகளின் நடுவில் வேலை கிடைத்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம், பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஓர் ஊர் உயர்நிலைப் பள்ளி. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். “அவ்ளோ தூரத்துக்கா?” என்று அம்மா அழுதாள். நான் ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி, பள்ளிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டேன். இரண்டாம் வருடமே பதினோராம் வகுப்பை என் தலையில் கட்டினார்கள். அன்றைக்கு எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்பு.

அந்த வகுப்பு எடுத்த முதல் வருடமே எனக்குச் சரியான அடி. வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்துகொண்டிருந்த ஒருவன் பொதுத்தேர்வில் கணக்கிலேயே தோற்றான். எனக்கு நம்ப முடியவில்லை. விசாரித்தால், பரீட்சைக்கு முந்தின பத்து நாளும் அவனை அறுப்புக்கும் களத்துக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் நெல் தூற்றியிருக்கிறான். அவன் அப்பாவிடம் போய்க் கத்தினேன். அந்த மனிதர் கொஞ்சமும் கோபப்படாமல், “பதினோரு வருசம் படிச்சான், பத்து நாள்ல இன்னாம்மா மறந்துடப் போறான்?” என்று கேட்டார். திரும்பி வந்தேன்.

அன்றைக்குத்தான் அந்தத் திட்டம் என் மண்டையில் உதித்தது. பிள்ளைகளை மட்டும் விரட்டி என்ன செய்வது? பெற்றவர்களைப் பிடிக்க வேண்டும். வருடத்துக்கு மூன்று கூட்டம். புரட்டாசி, கார்த்திகை, மார்கழி. ஒரு நீளப் பதிவேடு போட்டு, பிள்ளையின் பெயருக்கு நேரே பெற்றவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். ‘தை முதல் பரீட்சை முடியும் வரை என் பிள்ளைக்கு வயல் வேலை, வீட்டு வேலை, கடை வேலை எதுவும் தரமாட்டேன்’ என்று பக்கத்தின் தலையில் நானே முத்து முத்தாக எழுதி வைத்திருந்தேன். மூன்று கூட்டத்தில் ஒன்றுக்காவது வர வேண்டும். ஒன்றுக்குமே வராவிட்டால் அந்தப் பிள்ளையை அந்த வருடம் பரீட்சைக்கு அனுப்ப மாட்டோம். எங்கள் பள்ளியில் யாரை அனுப்புவது, யாரை ஒரு வருடம் நிறுத்தி வைப்பது என்பதெல்லாம் எங்கள் கையில்தான் இருந்தது. அதனால் யாரும் இதை அநியாயம் என்று நினைக்கவில்லை.

கூட்டத்துக்கு நாள் குறித்ததில்தான் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அமாவாசை அன்று சாயங்காலம் நான்கு மணி. அமாவாசையில் ஏர் பூட்ட மாட்டார்கள். ஆசாரி உளியைத் தொட மாட்டார். கூலிக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் போக மாட்டார்கள். மத்தியானம் படைத்துச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் யாரும் வர மாட்டார்கள். அவர்களுக்கு ஞாயிறும் ஒன்று, திங்களும் ஒன்று. இதை நான் ஹெட்மாஸ்டரிடம் சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான, உயரமான மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யார் என்ன சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். புதிதாக வந்தவர்கள் தூங்கிவிட்டார் என்று நினைத்துப் பேச்சை நிறுத்துவார்கள். “ம், சொல்லுங்க” என்பார். கண்ணைத் திறந்தால் முடிவு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த முடிவையும் தன் வாயால் சொல்ல மாட்டார். “நீங்களே சொல்லுங்க” என்று நம்மிடமே திருப்பித் தருவார். நாம் சொல்வது அவர் நினைத்ததோடு பொருந்தினால் தலையாட்டுவார். பொருந்தாவிட்டாலும் தலையாட்டுவார். எது எது என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு வருடம் ஆயிற்று.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. எந்தப் பதிவேடாக இருந்தாலும் அன்றைய வேலை முடிந்ததும் கடைசிப் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு மூடுவார். மேசை மேலே ஓர் உருண்டை ரூல் தடி இருக்கும். அதை மெதுவாக உருட்டி, பேனாவை மை சிந்தாமல் உதறி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே இழுப்பு. அதற்குப் பிறகு கலெக்டரே வந்தாலும் அந்தப் பக்கத்தில் ஒரு புள்ளி ஏறாது. பெற்றோர் கூட்டத்துப் பதிவேட்டுக்கும் அதே முறைதான். மணி ஆறு அடித்ததும் கோடு.

கூட்டம் அமோகமாக நடந்தது. முதல் வருடமே வகுப்பில் முக்கால்வாசிப் பேரின் பெற்றோர் வந்தார்கள். தேர்ச்சியும் ஏறியது. கூத்தும் நடந்தது. சாமுவேல் என்று ஒரு மாணவன். அவன் அப்பா கூலி வேலை செய்கிறவர், சர்ச்சில் மணியடிக்கிற கோயில் பிள்ளையாட்டம் பயபக்தியோடு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பத்து நாளில் சாமுவேல் என்னிடம் வந்து நின்றான்.

“டீச்சர், எங்கப்பாவ வேலைக்குப் போவச் சொல்லுங்க டீச்சர். காத்தால எழுந்ததுலேர்ந்து எதுக்க குந்திகினு என்னையே முறைச்சுகினு கீறாரு. ஒரு எழுத்து மண்டையில ஏற மாட்டேங்குது. ஒரே பேஜாரா கீது.”

நான் அவன் அப்பாவைக் கூப்பிட்டு, பிள்ளைக்குத்தான் வேலை கிடையாது, உங்களுக்கு உண்டு என்று சொல்லி அனுப்பினேன். ஊரே சிரித்தது. ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து இரண்டு ஆசிரியர்கள் பஸ் பிடித்து வந்து, எப்படிக் கூட்டம் நடத்துகிறோம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். எனக்கு மூக்கு வானத்தைத் தொட்டது. மூன்று வருடம் இப்படியே போயிற்று.

அந்த மூன்று வருடமும் என் வகுப்பில் ஏரிக்கரைக் குப்பத்துப் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. ஐந்தாவதிலும் எட்டாவதிலும் நின்றுவிடுவார்கள். அவர்கள் இல்லை என்பதை நான் கவனித்ததும் இல்லை.

நான்காம் வருடம் தேசம்மா வந்தாள். அவள் குப்பத்திலிருந்து பதினோராம் வகுப்பு வரை வந்த முதல் பெண். காலையில் தோணியில் இக்கரைக்கு வந்து, அங்கிருந்து இரண்டு மைல் நடை. ஒருநாள்கூட மணியடித்த பிறகு அவள் உள்ளே நுழைந்து நான் பார்த்ததில்லை. கணக்கில் மகா கெட்டி என்று சொல்ல முடியாது. அறுபதுக்கு மேல் வாங்குவாள். ஆனால் ஜியோமிதி என்று வந்துவிட்டால் கை நின்று பேசும். காம்பஸ் இல்லாமலே வட்டம் போடுவாள்.

“மேல என்ன படிக்கப் போற?” என்று ஒருநாள் கேட்டேன்.

“டீச்சர் ட்ரெயினிங் டீச்சர். எங்க குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு வர்ற வாத்தியாரு, மழ வந்தா வர மாட்டாரு, காத்தடிச்சா வர மாட்டாரு, தோணி இல்லன்னா வர மாட்டாரு. எனக்குத் தோணி வேணாம் இல்ல? நான் அங்கியேதான இருப்பேன்.” சிரித்துக்கொண்டே சொன்னவள், பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். “இந்த மார்ச்சுல எழுதிப் பாஸாயிட்டா ட்ரெயினிங் அனுப்பறன்னு எங்க நைனா அத்தை கிட்ட சொல்லிட்டாரு. எழுதப் போவலன்னா தையி தாண்டினதும் அத்தை மவனுக்குக் கட்டி வெச்சுடுவாங்க. அத்தை இதுக்கு மேல ஒரு வருசம் நிக்க மாட்டேன்னுட்டாங்க.”

அவள் வாழ்க்கை அந்த மார்ச்சு மாதத்தில் தொங்குகிறது என்பது எனக்குத் தெரியும். அவளே வாயால் சொன்னாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

புரட்டாசி அமாவாசைக் கூட்டத்துக்கு அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, மீன் கூடையைக் கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு அவள் அம்மா வந்து நின்றார்.

“நேத்து வர முடியல டீச்சரம்மா. எங்க கை வெக்கணும், சொல்லும்மா, வெச்சுட்டுப் போறேன்.”

“கூட்டம் நேத்தும்மா. நேத்து எங்க போனீங்க?”

“ஏரியில வல கட்டற முறை நேத்து எங்களுது. அவரு மத்தியானமே தோணி எடுத்தாரு. நான் கரையில நின்னு எறா வாங்கணும். விட்டுட்டு எப்பிடி வர்றது?”

நான் பதிவேட்டைத் திறந்து சிவப்புக் கோட்டைக் காட்டினேன். ஹெட்மாஸ்டர் கோடு போட்டுவிட்டார், இனி வைக்க முடியாது என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார்.

“ஒரு கோடுதானம்மா. அதுக்குக் கீழ வெச்சா ஆவாதா?”

“ஆகாது. அடுத்த கூட்டத்துக்கு வாங்க.”

அவர் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் வகுப்புக்குப் போய், பெற்றோர் எப்படி அலட்சியமாக இருக்கிறார்கள் என்று ஐந்து நிமிடம் பிரசங்கம் வேறு செய்தேன். தேசம்மா முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கார்த்திகைக் கூட்டத்தை அறிவித்த அன்று அவள் எழுந்தாள்.

“டீச்சர், அம்மாவாசை இல்லாம வேற நாளு வெச்சீங்கன்னா எங்க நைனா வருவாரு. அட்டமி அன்னிக்கு வெச்சீங்கன்னா எங்க குப்பத்துல ஆம்பளைங்க எல்லாம் சும்மாத்தான் குந்திகினு இருப்பாங்க.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அஷ்டமியில் போய்ப் பரீட்சைக் காரியமா! நானும் சிரித்தேன். “அஷ்டமியில கூட்டம் வச்சா நவமியில ரிசல்ட் வந்துடும், உட்காரு” என்றேன். வகுப்பு இன்னும் சிரித்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜென்மமா நான்? ஏன் அமாவாசையில் முடியாது, ஏன் அஷ்டமியில் முடியும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கூட்டத்துக்கும் அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

மார்கழி அமாவாசை. கடைசிக் கூட்டம். பதிவேட்டில் இரண்டே பெயருக்கு நேரே இடம் காலியாக இருந்தது. ஒன்று தேசம்மா. இன்னொன்று ரைஸ்மில்காரர் மகன். மில்காரர் தான் வராமல் தன் கணக்கப்பிள்ளையை அனுப்பியிருந்தார். “பெத்தவரா நீங்க?” என்று கேட்டு அவரைத் திருப்பி அனுப்பினேன். ஆறு மணி வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அது உண்மை. மணி அடித்தது. ஹெட்மாஸ்டர் ரூல் தடியை உருட்டினார். நான் என் அறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மில்காரர் காரில் வந்து இறங்கினார். “எம் பையன் பேர அடிக்கிறதுக்கு நீ யாரு?” என்று ஆபீஸ் அறையில் என்னை ஒருமையில் கேட்டார். “ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். உங்களுக்குன்னு தனியா ஒண்ணு கிடையாது” என்றேன். நான் அசையவில்லை. அவர் கத்திவிட்டுப் போனதும் மற்ற ஆசிரியர்கள் வந்து என்னைப் பாராட்டினார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வம் என் ஆயுசில் வேறெப்போதும் இருந்ததில்லை.

அந்தக் கர்வத்தோடுதான் அன்று சாயங்காலம் பட்டியலை எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். பொங்கலுக்கு முன்பு பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியல் சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் ஒவ்வொரு பெயராகக் கேட்டு டிக் அடித்துக்கொண்டே வந்தார். மில்காரர் மகன் பெயரை ஒன்றும் சொல்லாமல் தாண்டினார். தேசம்மாவிடம் நின்றார்.

“கணக்குல?”

“அறுபத்தேழு சார்.”

“வருகை?”

“ஒரு நாள் தவறல.”

கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் மூடிக்கொண்டிருந்தார். பிறகு திறந்தார்.

“ரூல் உங்களோடது டீச்சர். நீங்களே சொல்லுங்க.”

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். இப்போது அது பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் மில்காரரிடம் நான் சொன்ன வார்த்தை மட்டும்தான். இவளை எழுத விட்டால் நாளைக்கு அவர் வந்து முகத்துக்கு நேரே கேட்பார். ஏழைக்கு ஒரு ரூல், பணக்காரனுக்கு ஒரு ரூலா என்று ஊர் கேட்கும். என் பேச்சு என்ன ஆவது?

“ரூல்னா ரூல்தான் சார்” என்றேன்.

அவர் தலையாட்டினார். கோடு போட்டார்.

மறுநாள் பட்டியலை வகுப்பில் வாசித்தேன். முடித்ததும் தேசம்மா எழுந்து நின்றாள்.

“டீச்சர், எம் பேரு வரல.”

“உங்க வீட்டுலேர்ந்து மூணு கூட்டத்துக்கும் யாரும் வரல. தெரியும் இல்ல?”

“வந்தாரு டீச்சர். மார்கழிக் கூட்டத்துக்கு எங்க நைனா வந்தாரு.”

நான் நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “பதிவேட்டுல இல்ல. நான் பார்க்கல. ஹெட்மாஸ்டர் பார்க்கல. படிப்புக்கு அக்கறை இல்லாத அப்பாவக் காப்பாத்தறதுக்குப் பொய் வேற சொல்றியா?” என்று கேட்டேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் முன்னால்.

அவள் அழவில்லை. “வந்தாரு டீச்சர்” என்று இன்னொரு முறை மட்டும் சொன்னாள். உட்கார்ந்தாள். மத்தியான மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வரவில்லை.

நான்கைந்து நாள் கழித்து, பொங்கல் விடுமுறை முடிந்து வந்த அன்று, வாட்ச்மேன் முனுசாமி தண்ணீர்ப் பானையை நிரப்பிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

“அந்தப் பொண்ணு பொய்யி சொல்லிச்சுன்னு பசங்க பேசிக்கிறாங்க டீச்சரம்மா. அதோட நைனா வந்தாரும்மா. ஆறே கால் இருக்கும். துணியெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். கோடு போட்டாச்சு, அல்லாரும் போயிட்டாங்கன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“கோடு போட்டா போட்டதுதான? உங்களுக்குத் தெரியாதா?”

ஹெட்மாஸ்டர் அறைக்கு ஓடினேன். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவர் கண்ணை மூடவே இல்லை. பட்டியல் தபாலில் போய் நாலு நாளாகிவிட்டது. அன்றைக்கே அவர் ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு ரயிலேறிச் சென்னைக்குப் போனார். மறுநாள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசித் தேதி முடிந்துவிட்டதாம். பள்ளிக்கூடமே நிறுத்தி வைத்த பெயரை இனிமேல் சேர்க்க முடியாதாம்.

“உங்களக் கேட்டிருக்கக் கூடாது டீச்சர். நானே சொல்லியிருக்கணும்” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

அடுத்த விடுமுறை நாளில் தோணி ஏறிக் குப்பத்துக்குப் போனேன். ஏழுமலை, அதுதான் தேசம்மாவின் அப்பா பெயர், வாசலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். அந்த வரிசை முழுக்க ஆண்கள் வீட்டில்தான் இருந்தார்கள். காலண்டரைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது, அன்றைக்கு அஷ்டமி. அவர் எழுந்து மடியிலிருந்த துண்டை உதறிப் பலகையில் போட்டு என்னை உட்காரச் சொன்னார். டீ வாங்கிவர ஆள் அனுப்பினார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், ஏன் அமாவாசையில் வர முடியவில்லை என்று கேட்டேன். நான்கு மாதத்துக்கு முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவர் பொறுமையாகச் சொன்னார். ஏரியில் நீரோட்டம் இருக்கும் இடங்களில் வலை கட்டுவதற்கு முறை உண்டு. பாடு என்பார்கள். குலுக்கல் போட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு நாள், ஓர் இடம் என்று சுற்றிக்கொண்டே வரும். அமாவாசையை ஒட்டித்தான் தண்ணீர் வேகமாக இழுக்கும், இறால் ஓடும். அந்த நாட்களில் பாடு வந்தவன் போகாவிட்டால் அடுத்தவன் கட்டிக்கொள்வான். மறுபடி சுற்று வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

“அட்டமியில தண்ணி ஓடாது டீச்சரம்மா. என்னிக்கு வேணா கூப்ட்டிருந்தா வந்திருப்பேன். அம்மாவாசைன்னு நீங்க வெச்சதும் நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? எங்க பசங்க பரிச்ச எழுத வேணாம்னு வேணும்னேதான் வெக்கிறாங்கன்னு நெனச்சேன்.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“மார்கழிக்கு எப்படி வந்தீங்க?”

“இத்தோட கடசின்னு பொண்ணு சொல்லிச்சு. எம் பாட்ட அடுத்தவனுக்கு வுட்டுட்டேன். வரும்போது எதுர்த் தண்ணி. தோணி தள்ளி வர்றதுக்குள்ள நேரமாயிடுச்சு.” அவ்வளவுதான் சொன்னார். மார்கழிச் சுற்று போனால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த சுற்று வரும் வரைக்கும் கடன் வாங்கித்தான் கஞ்சி என்று பிறகு வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

தேசம்மா உள்ளேயிருந்து வந்தாள். நான் மளமளவென்று பேசினேன். தப்பு என்னுடையது, அடுத்த வருடம் வந்து எழுது, பீஸ் நான் கட்டுகிறேன், என் அறையிலேயே தங்கிப் படி, உன் அத்தையிடம் நானே பேசுகிறேன் என்று எதை எதையோ சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

“அத்தை வந்து தேதி குறிச்சுட்டுப் போயிட்டாங்க டீச்சர். பரிச்ச கெடக்கட்டும். ஒண்ணே ஒண்ணு பண்றீங்களா?”

“சொல்லு.”

“எங்க நைனா வந்தாருன்னு கிளாஸ்ல சொல்லிடுங்க. என்னைய சொன்னது பரவால்ல. அவருக்கு எம் மேல அக்கறை இல்லன்னு அல்லாரும் நெனச்சுகினு கீறாங்க. சாமான் வாங்க அந்தப் பக்கம் போறாரு, வர்றாரு. பசங்க பாக்குதுங்க இல்ல?”

“நாளைக்கே சொல்றேன்” என்றேன்.

மறுநாள் வகுப்புக்குள் போனேன். முப்பத்தெட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான். பரீட்சைக்கு இன்னும் சில வாரங்கள். டீச்சரே பொய்க் குற்றம் சொன்னாள் என்று தெரிந்தால் இவர்கள் என் பேச்சைக் கேட்பார்களா என்று ஒரு நினைப்பு வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று அல்ஜீப்ராவை ஆரம்பித்தேன். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பிறகு படிப்பு விடுமுறை விட்டார்கள், பரீட்சை வந்தது, பிள்ளைகள் மூலைக்கொருவராகப் போய்விட்டார்கள்.

மில்காரர் மகன் மறு வருடம் எழுதித் தேறினான். அவனுக்கு ஒரு வருடம் என்பது ஒரு வருடம்தான். தேசம்மாவுக்கு மாசியில் கல்யாணம். மாப்பிள்ளை ஏரியின் ஆந்திரப் பக்கத்துக் கரை. எனக்குப் பத்திரிகை வந்தது. போகவில்லை, போக முகமில்லை. நான் அந்த ரூலை எடுத்துவிட்டேன். மறு வருடம் அஷ்டமியில் ஒரு கூட்டம் வைத்தேன். ஏரிக்கரையிலிருந்து ஒருவரும் வரவில்லை. என் வகுப்பில் அங்கிருந்து படிக்கிற பிள்ளைதான் யாரும் இல்லையே.

அதற்குப் பிறகு நிறைய வருடம் வேலை பார்த்தேன். நிறையப் பிள்ளைகள் தேறினார்கள். பிரிவு உபசார விழாவில் பெற்றோரைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர் என்று என்னைப் புகழ்ந்து பேசினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கூட்டம் நடத்தப் போகும் சின்ன டீச்சர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. யார் வரவில்லை என்று குறிப்பதற்கு முன்பு, ஏன் வரவில்லை என்று கேளுங்கள். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.

மீதியை நான் அந்த வகுப்புக்குத்தான் எழுதுகிறேன். அந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் இப்போது பேரன் பேத்தி இருக்கும். யார் கண்ணிலாவது இது பட்டால் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். அன்றைக்கு உங்கள் முன்னால் நான் சொன்னது தப்பு. தேசம்மா பொய் சொல்லவில்லை. அவள் அப்பா வந்தார்.